பெயர் சொல்லாத கரையின் ஓதம்

'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்பது நம் நாட்டுப் பழமொழி. கடல் ஓயாது, ஆதலால் காத்திருப்பவன் காத்துக்கொண்டே இருப்பான் என்பது அதன் கருத்து. ஆயினும், கடலுக்குள் இறங்கி வேலை செய்பவன் அப்படி இருந்துவிட முடியாது. முத்துக் குளிப்பவன், பாலத்தின் அடித்தூணை ஊன்றுபவன், மூழ்கிய கப்பலை மீட்பவன், நீருக்குள் மறைந்திருக்கும் வெடியைக் களைபவன் ஆகிய எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்விதான் முதற் கேள்வி: எப்போது இறங்கலாம்? அந்த 'எப்போது' என்ற கேள்விக்கு விடை காண மனிதன் செய்த முயற்சியின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது இரண்டாம் உலகப் போரின் நடுவில் நிகழ்ந்தது. அதன் நாயகர்கள் படைத்தலைவர்கள் அல்லர். மேசையின் முன் அமர்ந்து எண்களைக் கூட்டியவர்கள்.

கதைக்குள் புகுமுன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடல் நீர் நாள்தோறும் உயர்வதையும் தாழ்வதையும் ஓதம் என்கிறோம். உயரும்போது ஏற்றம்; தாழும்போது வற்றம். அந்த ஏற்றவற்றத்தின் பொருட்டு நீர் கரையோரமாகவும் கழிமுகங்களின் வழியாகவும் பக்கவாட்டில் ஓடுவதை ஓத நீரோட்டம் என்கிறோம். ஓதம் நீரின் உயரத்தைப் பற்றியது. நீரோட்டம் நீரின் ஓட்டத்தைப் பற்றியது. நீருக்குள் வேலை செய்பவனுக்கு இரண்டும் வேண்டும். தனக்கு மேல் எத்தனை அடி நீர் நிற்கும் என்பதையும் அவன் அறிய வேண்டும். அந்த நீர் தன்னை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் அறிய வேண்டும். ஓட்டம் ஒரு திசையிலிருந்து மறுதிசைக்குத் திரும்பும் இடைவேளையில் நீர் சற்றே அசையாது நிற்கும். பல கடல்களில் மூழ்குவோர் வேலை செய்வது அந்தச் சிறு இடைவேளையில்தான்.

நமது சென்னைக் கரையில் வாழ்பவர்களுக்கு ஓதத்தின் வலிமை எளிதில் விளங்காது. இங்கே முழுநிலா நாளிலும் அமாவாசை நாளிலுங்கூட நீர் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால், பிரான்சு நாட்டின் வடகரையிலுள்ள நார்மண்டியில் அதே நாள்களில் நீர் 6 மீட்டர் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 20 அடிக்கு, ஏறி இறங்குகிறது. இரண்டு மாடி வீடு ஒன்றைக் கரையோரத்தில் கட்டினால், காலையில் அது மணல்மேல் நிற்கும். நண்பகலில் அதன் மொட்டைமாடியை நீர் தொடும். அத்தகைய கரையில் ஒரு மணி நேரம் முந்துவதும் பிந்துவதும் உயிரையே தீர்மானிக்கும்.

ஓதத்துக்குக் காரணம் நிலவும் கதிரவனும் என்பதை ஐசக் நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் தம் ஈர்ப்புக் கொள்கையால் விளக்கினார். அடுத்த நூற்றாண்டில் லாப்லாசு என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், சுழலும் பூமியின்மேல் நீர் எவ்வாறு இயங்கும் என்பதற்குச் சமன்பாடுகளை அமைத்தார். ஆயினும், ஒரு துறைமுகத்தில் நாளைக் காலை 6 மணிக்கு நீர் எத்தனை அடி நிற்கும் என்ற எளிய கேள்விக்கு அந்தச் சமன்பாடுகள் மட்டும் விடை தரவில்லை. கடலின் ஆழம், கரையின் வளைவு, விரிகுடாவின் வடிவு ஆகிய எல்லாம் ஓதத்தை மாற்றுகின்றன. வானத்தில் காரணம் ஒன்றே. கரைதோறும் விளைவு வேறு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர். 1867-ஆம் ஆண்டு முதல் அவர் ஒரு புதிய முறையை வளர்த்தார். ஒரு கூட்டுக் கச்சேரியைக் கேட்கும் தேர்ந்த செவி குழலோசையையும் யாழோசையையும் முழவோசையையும் தனித்தனியே பிரித்துணர்வதுபோல, ஓதத்தைப் பல சிறிய ஓதங்களின் கூட்டாகப் பிரித்துக் காண்பதே அந்த முறை. நிலவால் எழும் முதன்மையான ஓதத்தின் காலம் 12 மணி 25 நிமிடம். கதிரவனால் எழுவதன் காலம் சரியாக 12 மணி. நிலவு பூமியை நெருங்குவதாலும் விலகுவதாலும் உண்டாகும் மற்றொன்றின் காலம் ஏறத்தாழ 12 மணி 39 நிமிடம். இவ்வாறு இன்னும் பல. நிலவின் ஓதமும் கதிரவனின் ஓதமும் ஒன்றாகச் சேரும் அமாவாசை, பௌர்ணமி நாள்களையொட்டிப் பேரோதம் வரும். ஒன்றையொன்று எதிர்க்கும் அரைநிலா நாள்களையொட்டிச் சிற்றோதம் வரும்.

ஓர் இடத்தில் இந்தச் சிறு ஓதங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் எழுகின்றன, எவ்வளவு காலம் தாழ்ந்து வருகின்றன என்ற இரண்டிரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். அவற்றைக் கூட்டி, எதிர்காலத்தில் எந்த நாளுக்கும் நீரின் உயரத்தைச் சொல்லிவிடலாம். இந்த எண்களை நாம் ஓத மாறிலிகள் என்று அழைப்போம். ஒரு கரையின் கைரேகை போன்றவை அவை.

ஆனால், கூட்டுவது எளிதான வேலையா? ஆண்டு முழுவதும், மணிக்கு மணி, இருபது முப்பது அலைகளைக் கையால் கூட்டுவதென்றால் மனித ஆயுள் போதாது. ஆகவே, தாம்சன் 1872-ஆம் ஆண்டில் ஒரு பொறியை வகுத்தார். ஒவ்வொரு சிறு ஓதத்துக்கும் ஒரு கப்பி. அந்தக் கப்பியை அதற்குரிய காலக்கணக்கில் மேலும் கீழும் அசைக்கும் பற்சக்கரங்கள். எல்லாக் கப்பிகளின் மீதும் வளைந்து செல்லும் ஒரே கம்பி. கைப்பிடியைச் சுற்றினால் கப்பிகள் தத்தம் வழியில் ஏறி இறங்கும். கம்பியின் முனையிலுள்ள எழுதுகோல் அவற்றின் மொத்தத்தைத் தாளில் வரையும். அந்த வளைகோடே நாளைய கடல்.

இவ்விடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1879-ஆம் ஆண்டில் இலண்டனில் எட்வர்டு ராபர்ட்சு என்பவர் அமைத்த பொறி, இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தைக் கணிப்பதற்கென்றே இந்திய அலுவலகத்தின் பொருட்டுச் செய்யப்பட்டது. 1870களில் இந்திய நில அளவைத் துறையினர் நம் கரைகளில் நீரின் உயரத்தை இடைவிடாது அளக்கத் தொடங்கினர். அந்த அளவுகள் கடல் கடந்து சென்று, அட்டவணைகளாகத் திரும்பி வந்தன. அதே ராபர்ட்சு 1906-ஆம் ஆண்டில் லெகே நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த மற்றொரு பெரும்பொறிதான் பின்னர் நம் கதைக்குள் வரப்போகிறது.

1919-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரில் ஓத ஆய்வுக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் தலைவர் சோசப் பிரௌட்மன். செயலாளர் ஆர்தர் தூட்சன். தூட்சன் இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர். முதல் உலகப் போரின்போது, மனச்சான்று இடங்கொடாமையால், ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று மறுத்தவர். ஆயினும், அவருடைய கணிதத் திறன் அவரைப் போரின் அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணிக்கும் வேலையில் அவர் ஈடுபட நேர்ந்தது. போர் முடிந்தபின் அவர் தம் வாழ்நாளைக் கடலுக்கு ஒப்படைத்தார். 1921-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வில், ஓதத்தை எழுப்பும் விசையை ஏறத்தாழ 390 கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில் பிட்சுடன் குன்றின்மேல் நிற்கும் வானாய்வுக்கூடத்தில், 1929-ஆம் ஆண்டுமுதல் அக்கழகத்தின் பணி நடந்தது. கெல்வின் வகைப் பொறி ஒன்றும், ராபர்ட்சு-லெகே பொறியும் அங்கே இருந்தன. அவற்றை இயக்கியும், தாளில் விழுந்த கோட்டை எண்களாக மாற்றியும், பிழை பார்த்தும் வந்தவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

1939-இல் போர் மூண்டது. 1941 மே மாதத்தில் லிவர்ப்பூல் நகரம் குண்டுமழையில் நனைந்தது. ஒரே குண்டில் இரண்டு பொறிகளும் அழிந்துவிடக் கூடாதென்று அவற்றைக் கட்டடத்தின் இரு கோடிகளில் பிரித்து வைத்திருந்தனர். ஒன்று போனாலும் மற்றொன்று எஞ்சும். இரண்டு பித்தளைப் பொறிகளைக் காப்பதில் இவ்வளவு கவலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நேச நாடுகளின் கப்பல்கள் எந்தக் கரையை அணுகினாலும், அவற்றின் கையிலிருக்க வேண்டிய ஓத அட்டவணையை ஆக்கும் ஆற்றல் அந்தப் பொறிகளிடம் இருந்தது என்பதே விடை.

1943 அக்டோபர் 9-ஆம் நாள், தூட்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிரிட்டிசுக் கடற்படையின் நீரியல் துறையில் ஓதப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்த கமாண்டர் பார்க்குவார்சன். கடிதத்துடன் 11 இணை ஓத மாறிலிகள் இருந்தன. 1944 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நான்கு மாதங்களுக்கு, மணிக்கு மணி நீரின் உயரம் வேண்டும் என்று கடிதம் கேட்டது. எந்த இடத்துக்கு? இடத்தின் பெயரைக் கடிதம் சொல்லவில்லை. அதற்கு வைக்கப்பட்டிருந்த அடையாளம் 'இசட்' என்ற ஒரே எழுத்து. அந்த மாறிலிகள் நேரே அளந்து கண்டவை அல்ல; ஊகித்தவை என்பதையும், அந்த இடத்தைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு என்பதையும் பார்க்குவார்சன் மறைக்காமல் எழுதியிருந்தார்.

அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். பகைவர் பிடியிலுள்ள கரை அது. அங்கே அளவுகோல் நட்டு நீரை அளக்க முடியாது. அந்தக் கரைக்கு மேற்கே செர்பூர், கிழக்கே லெ ஆவ்ர் என்ற இரு துறைமுகங்களின் பழைய மாறிலிகள் கிடைத்தன. இடைப்பட்ட தொலைவோ நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆழம் குறைந்த நீரில் ஓதத்தின் வடிவமே சிதையும்; ஏற்றம் விரைந்து வரும்; வற்றம் மெல்லச் செல்லும். இரண்டு முனைகளை மட்டும் அறிந்துகொண்டு நடுவிலுள்ளதைக் கணிக்க வேண்டும். கணக்கின் விடை பொய்த்தால் பிழை திருத்த மறு தாள் கிடைக்காது. பல்லாயிரம் உயிர்கள் அந்தத் தாளின்மேல் நிற்கும்.

பிட்சுடன் குன்றில் கப்பிகள் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், உலகின் மறுகோடியில் ஓதம் ஒரு கொடிய பாடத்தைக் கற்பித்தது. பசிபிக் பெருங்கடலில் கில்பர்ட்டுத் தீவுகளைச் சேர்ந்த தாராவாவில், 1943 நவம்பர் 20-ஆம் நாள் அமெரிக்கப் படை கரையிறங்கியது. அத்தீவைச் சுற்றிப் பவளப் பார் ஒன்று உண்டு. படகுகள் அதைக் கடக்க ஏறத்தாழ 4 அடி நீர் வேண்டும். 5 அடி நிற்கும் என்று திட்டமிட்டவர்கள் நம்பினர். அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த மேசர் பிராங்க் ஆலண்டு என்பவர், 3 அடிக்கு மேல் நிற்காது என்று எச்சரித்தார். அவர் சொன்னதே நடந்தது. படகுகள் பாரின் விளிம்பில் தரைதட்டி நின்றன. வீரர்கள் இறங்கி, நூற்றுக்கணக்கான கசம் தொலைவு மார்பளவு நீரில், துப்பாக்கிகளின் எதிரே நடக்க நேர்ந்தது. மூன்று நாள் போரில் அமெரிக்கர் ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். அதைவிடப் பெருந்தொகையினர் காயமுற்றனர்.

காரணம் என்ன? அன்று அரைநிலாவை ஒட்டிய சிற்றோதக் காலம். அதனோடு, நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருந்த நாளும் அதுவே. இரண்டு தளர்ச்சிகளும் ஒன்றாகக் கூடியதால், நீர் நாள் முழுவதும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அமெரிக்க வானியல் அறிஞர் டொனால்டு ஓல்சன் 1987-ஆம் ஆண்டில் பின்னோக்கிக் கணித்து இதை விளக்கினார். கடல் அன்று எவரையும் ஏமாற்றவில்லை. தன் விதிப்படியே நடந்தது.

தாராவாவின் குருதியிலிருந்து ஒரு புதிய தொழில் விரைந்து வளர்ந்தது. படை இறங்குமுன் கரையோர நீரின் ஆழத்தை அளந்து, நீருக்கடியிலுள்ள தடைகளை வெடிவைத்து அகற்றும் நீந்துவோர் குழுக்களை அமெரிக்கக் கடற்படை அமைத்தது. 1944 சனவரி இறுதியிலேயே குவாசலீன் தீவில் அக்குழுக்கள் பணியில் இறங்கின.

மீண்டும் நார்மண்டிக்கு வருவோம். செருமானியரின் தளபதி ரோம்மல், நேச நாட்டுப் படை ஏற்றத்தின்போதுதான் இறங்கும் என்று எண்ணினார். அப்போதுதான் படகுகள் கரையை ஒட்டி வரும். வீரர்கள் திறந்த மணலில் ஓட வேண்டிய தொலைவு குறையும். ஆகவே, ஏற்றக் கோட்டுக்கும் வற்றக் கோட்டுக்கும் இடையே மரக்கம்பங்களையும் இரும்புச் சட்டங்களையும் வரிசை வரிசையாக நடச்செய்து, அவற்றுள் பலவற்றின் தலையில் கண்ணிவெடியையும் பொருத்தச் செய்தார். பாதி ஏற்றத்திலேயே அவையெல்லாம் நீருக்குள் மறைந்துவிடும். மேலே வரும் படகின் அடியைப் பிளக்கும். ஓதத்தையே ஓர் ஆயுதமாக்கினார் அவர்.

வானிலிருந்து எடுத்த படங்களில் அந்தத் தடைகளைக் கண்ட நேச நாட்டினர் தங்கள் திட்டத்தைத் திருப்பி அமைத்தனர். ஏற்றத்தில் இறங்க வேண்டாம். வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கும் வேளையில் இறங்குவோம். அப்போது தடைகள் வெளியே தெரியும். வெடிவைப்போர் அவற்றைத் தகர்த்து வழி திறப்பர். ஏறிவரும் நீர் பின்வரும் படகுகளை அந்த வழியே உள்ளே கொண்டுவரும். ஆனால், நீர் மணிக்கு 4 அடிக்குக் குறையாமல் ஏறும் கரை அது. வெடிவைப்போருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரைமணி நேரந்தான். அந்த அரைமணி எப்போது தொடங்குகிறது என்பதே தூட்சனின் அட்டவணை சொல்ல வேண்டிய விடை.

வேறு நிபந்தனைகளும் இருந்தன. வற்றம் விடியலை ஒட்டி வரவேண்டும். இரவில் குடைமிதவையில் குதிப்போருக்கு நிலவொளி வேண்டும். இவையனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாள்கள் சூன் மாதத்தில் 5, 6, 7 ஆகிய மூன்றே. அதை விட்டால் ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருந்து, நிலவற்ற இரவுகளில் வரும் அடுத்த ஓதத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கிடையில், ஊகத்தை உண்மையோடு உரைத்துப் பார்க்கும் வேலையும் நடந்தது. 1943-ஆம் ஆண்டின் கடைசி இரவில், இசுகாட்-பௌடன், ஆக்டன்-சிமித் என்ற இரு வீரர்கள் நார்மண்டிக் கரைக்கு இருளில் நீந்திச் சென்று மணலைத் துளையிட்டு எடுத்து வந்தனர். 1944 சனவரியில் 'எக்சு 20' என்ற சிறிய நீர்மூழ்கிக் கப்பலில் மீண்டும் சென்றனர். பகலில் நீருக்கடியில் மறைந்திருந்து தொலைநோக்கி வழியே கரையை ஆராய்ந்தனர், ஆழம் அளந்தனர், இரவில் நீந்திக் கரையேறினர். பகைவரின் காவலர் நடக்கும் மணலில் அவர்கள் ஊர்ந்து சென்று திரும்பியதும் ஓதத்தின் நேரத்தை ஒட்டியே அமைந்தது. காலடித் தடத்தை அழிப்பதும் ஏறிவரும் நீரே. கடலோடியைக் கரையினின்று பிரித்து இழுப்பதும் அதே நீரே.

சூன் 4-ஆம் நாள், 'எக்சு 20', 'எக்சு 23' என்ற இரு சிறு நீர்மூழ்கிகள் கரைக்கு அருகே சென்று சேர்ந்தன. படை வரும்போது மேலெழுந்து கடற்புறமாக விளக்குக் காட்டி வழியறிவிப்பது அவற்றின் பணி. ஆனால், புயற்காற்று வீசியது. வானிலை ஆய்வாளர் சேம்சு இசுடேக் தந்த எச்சரிக்கையால் படையெடுப்பு 5-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த நீர்மூழ்கிகளில் இருந்தவர்கள், மூச்சுக்காற்றுக் கெட்டுவரும் குறுகிய அறைக்குள், கடலடியில் மேலும் ஒரு நாள் காத்திருந்தனர். ஒரு நாள் தள்ளிவைக்க முடிந்ததற்கும், அதற்குமேல் எளிதில் தள்ளமுடியாமற் போனதற்கும் ஓதமே எல்லை வகுத்தது.

சூன் 6 விடிந்தது. ஓதம் மேற்கிலிருந்து கிழக்கே செல்வதால், கரையிறங்கும் நேரமும் கடற்கரைதோறும் வேறாக வைக்கப்பட்டிருந்தது. மேற்கே அமெரிக்கர் இறங்கிய ஊட்டா, ஒமாகா கரைகளில் காலை 6.30, கிழக்கே பிரிட்டிசாரும் கனடியரும் இறங்கிய கரைகளில் 7.25-க்கும் 7.55-க்கும் இடையே. பெயர் சொல்லாத இடத்துக்குக் கணித்த ஓதம், பெயர் வெளிப்பட்ட அந்தக் காலையில் பெரிதும் கணித்தபடியே வந்தது. தடைகள் வெளியே தெரிந்தன.

ஆயினும், நேயர்களே, கதையை இத்தோடு முடித்தால் நான் உங்களுக்குப் பாதி உண்மையையே சொன்னவனாவேன். ஓதத்தைச் சொன்ன கணக்கு, நீரோட்டத்தையும் காற்றையும் அதே உறுதியோடு சொல்லவில்லை. ஒமாகாவில் பக்கவாட்டு ஓட்டம் படகுகளைக் கிழக்கே தள்ளியது. குழுக்கள் தங்களுக்குரிய இடம் தவறி இறங்கின. எதிரியின் சுடுகணைகளுக்கு நடுவே, திட்டமிட்ட 16 வழிகளுள் 6 முழுமையாகவும் 3 அரைகுறையாகவுமே திறக்கப்பட்டன. அதற்குள் நீர் ஏறி எஞ்சிய தடைகளை மூடியது. தடை தகர்க்க வந்த கடற்படையினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டோ காயமுற்றோ போயினர். பிரிட்டிசார் இறங்கிய 'கோல்டு' கரையில், கரைநோக்கி வீசிய வலிய காற்று நீரைக் கணக்குக்கு மேல் உயர்த்தியது. தடைகள் எதிர்பார்த்ததற்கு முன்பே மூழ்கின. களைய வந்தவர்களின் வேலை பெரிதும் தடைப்பட்டது.

ஊட்டாவிலோ நீரோட்டம் வேறு விளையாட்டை விளையாடியது. வழிகாட்டும் படகுகள் கண்ணிவெடியில் சிக்கின. குண்டுவீச்சின் புகை கரையை மறைத்தது. ஓட்டம் படகுகளை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய்விட்டது. முதல் அணியோடு இறங்கிய படைத்தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டு, முன்னாள் குடியரசுத் தலைவரின் மைந்தர், இடம் தவறியதைக் கண்டுகொண்டார். இறங்கிய இடத்தில் காவல் குறைவாக இருந்தது. இங்கிருந்தே தொடங்குவோம் என்று முடிவு செய்தார். ஊட்டாவில் உயிரிழப்பு ஒமாகாவைவிட மிகக் குறைந்தது. கணக்குத் தவறிய ஓட்டம் அங்கே உயிர்களைக் காத்தது. ஒமாகாவில் அதே தவறு உயிர்களைக் குடித்தது.

சூன் மாதத்தின் அடுத்த ஓத நாள்களில் என்ன நடந்தது தெரியுமா? 19-ஆம் நாள் தொடங்கி மூன்று நாளுக்கு மேல் கால்வாயில் பெரும்புயல் வீசியது. ஒமாகாவில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகம் அதில் சிதைந்தது. 6-ஆம் நாளை விட்டுவிட்டு அந்த நாள்களுக்குக் காத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

மாணவ நண்பர்களே, இந்த வரலாற்றை நான் போரின் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாராவாவையும் நார்மண்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் செய்தி குறைவு. இரண்டிலும் ஊகம் தேவைப்பட்டது. தாராவாவில், அறியாததன்மேல் நம்பிக்கை வைத்துப் படகுகளை விட்டனர். அறிந்தவன் ஒருவன் சொன்னது கணக்கில் ஏறவில்லை. நார்மண்டியில், இது ஊகம் என்று முதலிலேயே எழுதிவைத்தனர்; எழுதியபின், அந்த ஊகத்தைச் சோதிக்க மனிதர்களை நீருக்குள் அனுப்பினர். தன் விடையின் எல்லையை அறிந்த கணக்கே நம்பத்தக்க கணக்கு. எல்லை அறியாத கணக்கு எத்தனை நுட்பமாக இருந்தாலும், அதை நம்பி நீருக்குள் இறங்குபவன் அதற்கு விலை கொடுக்கிறான்.

போருக்குப் பின் மின்னணுக் கணிப்பொறி வந்தது. 1960களில் பித்தளைப் பொறிகள் ஓய்வு பெற்றன. தூட்சன் 1968-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய கழகத்தில் உழைத்த பொறிகளுள் இரண்டு லிவர்ப்பூலில் போற்றிக் காக்கப்படுகின்றன. ஓத அட்டவணையின் அடிப்படை முறையோ மாறவில்லை. கெல்வின் பிரித்துக் காட்டிய அதே சிறு ஓதங்களைத்தான் இன்றும் கூட்டுகின்றனர். நம் நாட்டில் இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களின் ஓத அட்டவணையை வெளியிட்டு வருகிறது. ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் பெருங்கடல் தகவல் மையம், அலையையும் நீரோட்டத்தையும் முன்னறிவிக்கிறது. காற்றின் விளைவையும் நீரோட்டத்தின் போக்கையும் இன்று கணிப்பொறிகள் அக்காலத்தைவிட மிக நன்றாகச் சொல்கின்றன. ஆனால், ஓதத்தைப்போல் பல ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைச் சொல்ல எவராலும் இயலாது. காற்று நிலவைப்போல் கால ஒழுங்குக்கு உட்பட்டதன்று.

இன்று உலகின் கடற்கரைகளில் பாலம் கட்டுவோரும், கடலடிக் குழாய் பதிப்போரும், கப்பலின் அடியைப் பழுதுபார்ப்போரும் காலையில் முதலில் விரிப்பது ஓத அட்டவணையைத்தான். நீர் நிற்கும் சிறு இடைவேளை எப்போது என்று பார்க்கின்றனர். பின்னர்க் கரையில் நின்று நீரின் முகத்தையும் ஒருமுறை பார்க்கின்றனர். அட்டவணையும் கண்ணும் ஒத்தால் இறங்குகின்றனர்; ஒவ்வாவிட்டால் காத்திருக்கின்றனர்.

பள்ளியில் நீங்கள் எண்களைக் கூட்டும்போது, விடை சரியா தவறா என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. எங்கோ ஓரிடத்தில், நீங்கள் பெயரும் அறியாத ஒருவன், அந்த விடையை நம்பி இருண்ட நீருக்குள் இறங்கக்கூடும். கூட்டியபின் ஒருமுறை சரிபாருங்கள். உறுதியில்லாத இடத்தில், உறுதியில்லை என்று எழுதுங்கள். பார்க்குவார்சனின் கடிதத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது அதுவே. அதை உங்களிடம் ஒப்படைத்து அமைகிறேன்.